புல்லட் பெண்ட் பைப்புக்குக் கறுப்பு அடித்த கதை

அப்பா ஓட்டிய 1989 புல்லட்டைப் போன வருஷம் தூசி தட்டி எடுத்தேன். இன்ஜின் கூட ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிட்டது, ஆறு மாசம் என்னைப் படுத்தியது பெண்ட் பைப்தான், அதாவது இன்ஜினிலிருந்து சைலன்ஸருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய். குரோம் பாதி உரிந்து, உரியாத இடம் நீலமாகி, வளைவுக்கு அடியில் சேறு அடிக்கும் பக்கம் முழுக்கத் துரு. தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளி பெயின்ட் அடிச்சா ரெண்டு மாசம் வருமுங்க தம்பி, கறுப்பு அடிச்சா மூணு மாசம்" என்றார். கிண்டல் என்று நினைத்தேன், அவர் கணக்கு சொல்லியிருக்கிறார்.

முதல் தடவை நான் செய்தது எல்லாமே தப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், மேலே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், அதற்கு மேல் 600 டிகிரி தாங்கும் என்று எழுதியிருந்த சிலிகான் கறுப்பு ஸ்ப்ரே டப்பா ஒன்றைத் தாராளமாக அடித்து, இரண்டு நாள் காயவைத்து, நேராக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பத்து கிலோமீட்டரில் புகை. இறங்கிப் பார்த்தால் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம், விரல் நகத்தால் தட்டினால் பொருக்குப் பொருக்காக விழுகிறது, விழுந்த பொருக்கின் அடிப்பக்கம் சிவப்பு. மேல் பெயின்ட் தாங்கத்தான் செய்திருக்கிறது, அடியில் இருந்த ரெட் ஆக்சைடு கருகிப் பிடியை விட்டிருக்கிறது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற சாமானைக் கொண்டுபோய் அடுப்பில் பூசினால் வேறு என்ன நடக்கும்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். மறுபடி குரோம் போடலாம், ஆனால் துருக் குழிகளைத் தேய்த்து, செம்பு, நிக்கல், அப்புறம் குரோம் என்று போகவேண்டும், அவ்வளவு செய்தும் சூட்டில் திரும்ப நீலம் ஏறத்தான் செய்யும். பவுடர் கோட்டிங் கடைக்காரர் நல்ல மனுஷன், "இது எங்க ஓவன்ல 200 டிகிரில வேகற பவுடருங்க, உங்க பைப்பு அதுக்கு மேல போயிரும், வேண்டாம்" என்று காசு வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். செராமிக் கோட்டிங் என்றால் சந்தேகமே இல்லாமல் நன்றாக நிற்கும், ஆனால் அதற்கு ஆகும் செலவில் புது பைப்பே வாங்கிவிடலாம். பைப்மேல் சூடு தாங்கும் துணி சுற்றுகிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். புது பைப் ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், வளைவில் அப்பா எங்கேயோ இடித்து வாங்கிய ஒரு பள்ளம் இருக்கிறது, அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தில் பட்டி வைக்கவும் முடியாது, கருகிவிடும்.

ஆகக் கடைசியில் அதே சிலிகான் கறுப்பு, மேட். இந்தத் தடவை பைப்பைக் கழற்றி, மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுரண்டும் சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை, குரோம், துரு, என் பழைய பாவம் எல்லாம் போய்ச் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று வந்தது. அந்தச் சொரசொரப்புதான் பெயின்டுக்குப் பிடி. (அங்கே வேலை பார்த்த பையன் முகத்தில் ஒரு கைக்குட்டைதான் கட்டியிருந்தான். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன், சொன்னேன், சிரித்தான்.) இரும்பு அப்படி வெறுமனே நின்றால் ஒரே நாளில் செம்பூ பூக்கும் என்பதால் அன்றைக்கே வீட்டுக்கு வந்து பனியன் வேஸ்டில் தின்னர் நனைத்துத் துடைத்து, பிரைமர் இல்லாமல், பத்து நிமிஷ இடைவெளியில் மூன்று மெல்லிய கோட். முதல் கோட்டில் அடியில் இருக்கும் இரும்பு தெரியத் தெரியத்தான் இருக்கவேண்டும், கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளணும்.

இந்தப் பெயின்ட் காற்றில் காய்ந்தது மாதிரித் தெரிவது சும்மா. பெட்ரோலில் நனைத்த துணியால் ஓரத்தில் லேசாகத் தொட்டேன், கறுப்பு கையோடு வந்தது. சூடுபட்டால்தான் அது இறுகும். டப்பாவில் சொல்வது 120, 200, 315 டிகிரி என்று படிப்படியாக அரை மணி அரை மணி நேரம், நடுவில் ஆறவிட்டு. சமையலறை ஓவனைக் கேட்டதற்கு வீட்டில் கிடைத்த பார்வையை இங்கே எழுத முடியாது. அதனால் வண்டியிலேயே மாட்டி, டேபிள் ஃபேனை இன்ஜினுக்கு நேராக வைத்து, முதலில் மூன்று நிமிஷம் ஓட்டம், முழுசாக ஆறல், அப்புறம் ஆறு நிமிஷம், ஆறல், அப்புறம் பத்து. ஃபேன் இல்லாமல் செய்யாதீர்கள், காற்றில் குளிரும் இன்ஜின், நின்ற இடத்தில் வெந்துவிடும். இரண்டாவது ஓட்டத்தில் வந்த புகை நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டி "ஏனுங்க, ஒயர் கருகுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியாக ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து, ஆறவிட்டு, பெட்ரோல் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

ஒரு விஷயம், சூடு பார்க்க வாங்கிய தெர்மாமீட்டர் துப்பாக்கி, பழைய பைப்பில் குரோம் மிச்சமிருந்த இடத்தில் 90 என்று காட்டும். அதே இடத்தில் தண்ணீர் தெளித்தால் தோசைக்கல்லில் தெளித்த மாதிரி முத்து முத்தாக ஓடும். பளபளப்பான பரப்பில் அந்தக் கருவி பொய் சொல்லும். இப்போது கறுப்பின்மேல், பைப் இன்ஜினில் மாட்டும் ஹெட் பக்கத்தில் 300ஐத் தாண்டிக் காட்டுகிறது, இதை நம்பலாம்.

நாலு மாசம், ஐப்பசி மழை உட்பட. ஹெட்டை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறமாக வெளுத்திருக்கிறது, செருப்பு ரப்பர் ஒட்டிய ஒரு வடு இருக்கிறது, அப்புறம் பள்ளத்துக்குக் கீழே என் கட்டைவிரல் ரேகை. துடைத்த பிறகு வெறும் கையால் தூக்கியதன் பலன், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரிகிறது. வேறெங்கும் உரியவில்லை. அரை டப்பா பரணில் மிச்சமிருக்கிறது, வெளுத்த இடத்துக்கு மட்டும் தை பிறந்ததும் ஒரு கை பார்க்கவேண்டும், இந்தத் தடவை கையுறையோடு.