ரேடியாலஜி தீசிஸ்: கைடு நேரம் செலவிட வேண்டிய இடம்

ஆராய்ச்சி முறையியலின் அடிப்படையை எம்.டி. பிஜிக்கள் (முதுநிலை மருத்துவ மாணவர்கள்) ஆன்லைன் கோர்ஸிலேயே படித்துவிடலாம். ஸ்கேன் அறைக்கே உரிய சிக்கல்களைத்தான் கைடு சொல்லித்தர வேண்டும். அதுவும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன்பே.

தைராய்டு கட்டியில் டைராட்ஸ் (ஸ்கேனில் தெரிவதற்கு ஸ்கோர் போட்டு, கட்டியை டி.ஆர்.1 முதல் 5 வரை தரம்பிரிக்கும் முறை) எவ்வளவு சரியாகப் புற்றைக் கண்டுபிடிக்கிறது என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். பார்க்கச் சுலபம். ஆனால் ஏ.சி.ஆர். (அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி) 2017 அட்டவணைப்படி டி.ஆர்.3 கட்டி 2.5 செ.மீ., டி.ஆர்.4 கட்டி 1.5 செ.மீ., டி.ஆர்.5 கட்டி 1 செ.மீ. எட்டினால்தான் எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் செல் எடுத்துச் சோதிப்பது); டி.ஆர்.1, 2 கட்டிகளுக்கு ஊசியே இல்லை. ஊசி போட்டவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் சந்தேகக் கட்டிகளே சேரும். சென்சிடிவிட்டி (புற்றைப் புற்று என்று பிடிக்கும் விகிதம்) பொய்யாக ஏறும், ஸ்பெசிஃபிசிட்டி (புற்றில்லாததை இல்லை என்று சொல்லும் விகிதம்) இறங்கும். தீசிஸுக்காக எல்லோருக்கும் ஊசி குத்தவும் முடியாது. குறைந்த ஸ்கோர் கட்டிகளை மறுஸ்கேனில் தொடர்ந்து பார்ப்போம் என்று புரோட்டோகாலில் எழுதலாம்; அதற்குக் காலம் போதாதென்றால் ‘எஃப்.என்.ஏ.சி.க்கு வந்த கட்டிகளில்’ என்று தலைப்பையே சுருக்கிவிடுவது நேர்மை. ஊசி ரிப்போர்ட்டில் புற்றா இல்லையா என்று உறுதியாகாத பெதஸ்டா வகைகள் 1, 3, 4 வந்தால் எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். கடைசியில் அவற்றைத் தூக்கிவிட்டால் முடிவு அழகாக வரும், அவ்வளவுதான்.

அடுத்தது எண்ணிக்கை. சென்சிடிவிட்டி 90% இருக்கும், ±7 துல்லியம் போதும் என்று வைத்தால் புற்றுக்கட்டிகள் மட்டுமே 71 தேவை. ஊசிக்கு வருவதில் பத்தில் ஒன்றுதான் புற்று என்றால் மொத்தம் சுமார் 700 கட்டி! பேத்தாலஜி பதிவேட்டில் போன வருடம் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டே தலைப்பைக் கொடுக்க வேண்டும். அவ்வளவு வராத இடத்தில், இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்வது எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கேள்வி நல்லது. சேமித்த படங்கள் போதும். டைராட்ஸ் படிநிலை அளவு என்பதால் வெயிட்டட் கப்பா (இருவர் முடிவும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கும் ஒப்புமை அளவு). படத்தைப் படிப்பவர் கண்ணில் சைட்டாலஜி (ஊசிச் சோதனை) ரிப்போர்ட் படக்கூடாது. ஒருவரே மறுமுறை படிப்பதானால் சில வாரம் இடைவெளி விட்டு, வரிசையைக் கலைத்துக் கொடுங்கள்.

அல்ட்ராசவுண்டு படத்தில் நோயாளி பெயர் படத்தோடு படமாகவே பதிந்திருக்கும். டைகாம் டேகில் (படக் கோப்போடு சேர்ந்திருக்கும் தகவல் குறிப்பில்) பெயரை அழித்தால் அது போகாது, மேல் பட்டையை மறைத்தே வெளியே எடுக்க வேண்டும்.

எக்செலில் ஒரு கட்டிக்கு ஒரு வரிசை. நோயாளி எண்ணுக்குத் தனி நெடுவரிசை இருக்கட்டும், ஒரே ஆளின் மூன்று கட்டிகள் மூன்று ஆட்கள் ஆகிவிடாது. மொத்த ஸ்கோரை மட்டும் போட்டால் பிழையைப் பின்னால் தேட வழியில்லை. உள்ளமைப்பு, எக்கோ, வடிவம், விளிம்பு, எக்கோப் புள்ளிகள் ஐந்தும் தனித்தனி நெடுவரிசைகளில் வேண்டும். முதல் பத்து கேஸ் ஏறியதும் கைடு அந்த ஷீட்டைத் திறந்து பார்த்தால், எந்த நெடுவரிசை காலியாகவே போகப்போகிறது என்று தெரிந்துவிடும். புரோட்டோகாலை மாற்ற வேண்டியிருந்தால் கமிட்டிக்குத் திருத்தம் அனுப்ப அதுதான் நேரம்.