நெல் ஆலைக்காரருடையது, மற்றதெல்லாம் அண்ணையின் தலையில்

இன்று மத்தியானம் மாங்குளத்துக்குக் கிட்ட, ஏ9 கண்டி-யாழ்ப்பாண வீதி ஓரத்தில் நெல் ஏற்றிய லொறி ஒன்று சரிந்து நின்றது. பின் டயர் வெடித்திருந்தது.

"இந்த லோட்டுக் காசு டயருக்கே காணாது தம்பி," என்றார் சாரதி அண்ணை.

லீசிங் கொம்பனியிலிருந்து போன் அடித்தபடியே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

லொறி லீசிங்கில் எடுத்த அவருடைய சொந்த லொறி. டீசல், டயர், லீசிங் தவணை எல்லாம் அவர் பாடு. நெல் நனைந்தால் கழிபடுவதும் அவருடைய கூலிதான்.

சம்பளத்துக்கு ஓடும் சாரதிக்கு முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) சம்பளத்தில் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3 சதவீதம் கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டால் நட்டஈடு கேட்கவும் சட்டம் இருக்கிறது. சொந்த லொறியில் லோட்டுக் கணக்கில் ஓடுபவருக்கு இதில் எதுவும் இல்லை. காய்ச்சலில் படுத்தால் உழைப்பு நிற்கும், தவணை நிற்காது.

அதனால்தான் நித்திரை முழித்து ஓடுகிறார்கள். வழியில் இருக்கும் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, இருட்டில் ரோட்டில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளுக்குள்ளால் ஓட வேண்டும். விபத்து நடந்தால் 'சாரதியின் கவனக்குறைவு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஆலைக்காரர், கடைக்காரர் யாராவது இதை வாசித்தால், கூலியை லோட் இறக்கிய அன்றைக்கே கொடுங்கள். இறக்குவதற்குக் காத்து நிற்கும் நேரத்துக்கும் ஒரு தொகை பேசுங்கள்.