தினம் ரெண்டு ஸ்பூன்

"அக்கா, தினம் ரெண்டு ஸ்பூன் சாப்பிடுங்க. முடி கொட்டறது நின்னுடும்."

சௌகார்பேட்டையில் உலர்பழக் கடைப் பையன் சூரியகாந்தி விதையை அள்ளி உள்ளங்கையில் கொட்டினான். தோல் நீக்கின சாம்பல் பருப்பு. விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு.

எனக்கு காட்மியம் என்கிற நச்சு உலோகம் ஞாபகம் வந்து தொலைத்தது. (படிச்ச படிப்பு அப்படி!)

சூரியகாந்தியும் ஆளிவிதையும் மண்ணிலிருக்கும் காட்மியத்தை நன்றாகவே இழுத்துக்கொள்ளும். பாஸ்பேட் உரத்தோடும் அது வயலுக்கு வருகிறது. விதைக்குள்ளேயே இருப்பதால் கழுவினாலும் வறுத்தாலும் போகாது. நம் சிறுநீரகத்தில் சேர்ந்தால் வருஷக்கணக்கில் குடியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த ரெண்டு விதைக்கும் காட்மிய வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். நிலக்கடலைக்கு 0.2 தான்.

வரம்பைத் தொடுகிற விதை என்றே வைத்துக்கொள்வோம். தினம் 20 கிராம் என்றால் வாரத்துக்கு 70 மைக்ரோகிராம் காட்மியம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஐரோப்பியர்கள் சொல்லும் தாங்கக்கூடிய வார அளவு 150 மைக்ரோகிராம். விதை மட்டும் தின்றால் பரவாயில்லை. அரிசி, கீரை, கிழங்கிலும் கொஞ்சம் கொஞ்சம் வருமே!

அதே கடை உலர்திராட்சையின் கதை வேறு மாதிரி. சுமார் 4 கிலோ பழம் காய்ந்து 1 கிலோ ஆகிறது. பழத்தில் ஈயம் இருந்தால் அதுவும் சேர்ந்தே செறிகிறது.

விதையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாற்றி மாற்றிச் சாப்பிடலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். நம்மூர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தசோகை. முடி கொட்டுகிறதென்று இந்தக் கடைகளில் நிற்பதும் அவர்கள்தான்.

ஹீமோகுளோபின் எவ்வளவு என்று யாராவது பார்த்தீங்களாடி?