கம்பஸ் பிள்ளைகளுக்குத் தீபாவளிப் பரிசு

தீபாவளிக்குக் கம்பஸ் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் உடுப்பு எடுத்துக் கொடுப்பதுதான் நம் வழக்கம். சரி, அது இருக்கட்டும். திரும்பிப் போகும் பையில் என்ன வைக்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

என் அண்ணன் மகள் மட்டக்களப்பு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஹட்டன் குளிரில் இருக்கும் நமக்குக் கடையில் முதலில் கண்ணில் படுவது ஸ்வெட்டர். மட்டக்களப்பு வெக்கைக்கு அது எதற்கு? வடகீழ்ப் பருவமழை அங்கே கொட்டும். உறுதியான மடக்குக் குடையும் நுளம்பு வலையும் போதும்.

இந்த முறை அவளுக்கு எக்ஸ்டென்ஷன் கோட், அதாவது பிளக்கை நீட்டித் தரும் வயர், வாங்கினேன். அறையில் பிளக் இருப்பது கதவுப் பக்கம், அவள் கட்டில் ஜன்னல் பக்கம். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு நின்றுகொண்டே அதில் நோட்ஸ் வாசிப்பாளாம். வயர் தடிப்பாக, சுவிட்ச் வைத்ததாகப் பார்த்து எடுங்கள். பிளக் உருண்டைப் பின்னா, சதுரப் பின்னா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பழைய கட்டடங்களில் இன்னும் உருண்டைப் பின்தான்.

தேயிலைத் தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் எடுத்துத்தான் பலர் செலவு செய்கிறார்கள். அது பிறகு சம்பளத்தில் வெட்டுப்படும். அந்தக் காசில் அலமாரியில் தூங்கும் பொம்மையும் சென்ட் போத்தலும் வேண்டாம். பிள்ளையிடமே வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கத்தில் ஒன்றும் வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தரமும் கேளுங்கள். அப்புறம் முறுக்கைக் கொஞ்சம் கூடவே கட்டிக் கொடுங்கள், அறைத் தோழிகளும் இருக்கிறார்களே.