கோடிக் கணக்கை விடுங்கள், கோப்பு எங்கே இருக்கிறது?

முதல்வர் யாராக இருந்தாலும் சரி, வெளிநாட்டுப் பயணம் முடிந்து மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும்போது, இவ்வளவு முதலீடு வருகிறது என்று சொல்வதற்கு ஒரு எண் தயாராக இருக்கும். 2019-ல் எடப்பாடி பழனிசாமி லண்டன், அமெரிக்கா, துபாய் போய்விட்டு வந்து 8,835 கோடி ரூபாய் என்றார். ஸ்டாலின் 2022-ல் துபாய், அபுதாபியிலிருந்து 6,100 கோடி, 2024 தொடக்கத்தில் ஸ்பெயினிலிருந்து 3,440 கோடி, அதே வருடம் அமெரிக்காவிலிருந்து 7,616 கோடி, 2025-ல் ஜெர்மனியும் இங்கிலாந்தும் சேர்த்து 15,516 கோடி என்றார். எண் வந்த மறுநாளே எதிர்க்கட்சி வெள்ளை அறிக்கை கேட்கும். ஆட்சி மாறியதும் கேட்பவரும் பதில் சொல்பவரும் இருக்கை மாறி உட்கார்ந்துகொண்டு அதே வசனத்தைப் பேசுவார்கள். நம் வாட்ஸப் குழுக்களில் அதற்குள் கோட்டு சூட்டு போட்டோ பத்து சுற்று சுற்றியிருக்கும்.

எனக்கு இந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. போவது தவறு என்றும் நினைக்கவில்லை. கொரியாவும் ஜப்பானும் இதற்கென்றே தனி நிறுவனம் வைத்து, பல ஊர்களில் அலுவலகம் போட்டு, பல பத்தாண்டுகளாகச் செய்யும் வேலைதான் இது. கொரியாவின் கோட்ரா 1962-ல் தொடங்கியது. ஜப்பானின் ஜெட்ரோ அதற்கும் மூத்தது. இரண்டுக்கும் சென்னையில் அலுவலகம் உண்டு. தங்கள் நாட்டுக் கம்பெனி இங்கே வந்து இறங்கினால் நிலம் எங்கே கிடைக்கும், கரண்ட் எப்படி, எந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுக்க ஆள் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்வது 'கைடன்ஸ்' என்கிற அமைப்பு. 1992-லிருந்து இருக்கிறது, ஆனால் சமீப காலம்வரை தொழில்துறைக்கு வெளியே அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

என் கேள்வி எல்லாம் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையில் அந்தக் கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்பதுதான்.

எம்ஓயு, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாத காகிதம். கம்பெனி வராவிட்டால் வழக்கும் கிடையாது, அபராதமும் கிடையாது. 2015 செப்டம்பரில் ஜெயலலிதா நடத்திய முதல் உலக முதலீட்டாளர் மாநாட்டில் 98 ஒப்பந்தம், 2.42 லட்சம் கோடி. 2019 ஜனவரியில் 304 ஒப்பந்தம், 3 லட்சம் கோடி. 2024 ஜனவரியில் 631 ஒப்பந்தம், 6.64 லட்சம் கோடி. இந்தத் தொகைகளை எல்லாம் கூட்டி 'வந்த முதலீடு' என்று எழுதுவது, பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் மாப்பிள்ளைக் கணக்கில் சேர்ப்பது மாதிரி. அதே நேரம் 'ஒன்றுமே வரவில்லை' என்பதும் பொய். ஒரு பெரிய தொழிற்சாலை நிலம் வாங்கி, சுற்றுச்சூழல் அனுமதி வாங்கி, கட்டடம் எழுப்பி, மெஷின் இறக்க சாதாரணமாக மூன்று நான்கு வருடம் ஆகும், அதற்குள் ஒரு தேர்தலே வந்து போய்விடும். அப்புறம், அறிவித்த தொகை ஐந்து வருடம், ஏழு வருடம் என்று பிரித்துப் போடப்படுவது, அதை முதல் நாள் செய்தியில் யாரும் சொல்வதில்லை.

சரி, வந்து, ஓடி, லாபமும் பார்த்த ஒரு கம்பெனி ஏன் மூடியது என்று பார்ப்போம். எந்த மாநாட்டுப் புள்ளிவிவரத்தையும்விட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நோக்கியாவைச் சொல்கிறேன்.

2005-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி. அந்த வேகம் இன்றைக்கும் ஆச்சரியம்தான். கூடவே சார்ஜர் செய்கிறவர்கள், பிளாஸ்டிக் உறை செய்கிறவர்கள் எல்லாம் அதே வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதில் பெரும்பகுதி பெண்கள், பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த கையோடு நீல நிற பஸ்ஸோ வெள்ளை நிற வேனோ ஏறி ஷிஃப்டுக்குப் போனார்கள். உலகத்தில் நோக்கியாவின் மிகப் பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது.

2013 தொடக்கத்தில் வருமான வரித்துறை சோதனை. பின்லாந்தில் இருக்கும் தாய்க் கம்பெனிக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்தில் வரி பிடித்தம் செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு, கேட்ட தொகை 2,000 கோடிக்கு மேல். அது டெல்லி. அடுத்து சென்னை: ஏற்றுமதி செய்ததாகச் சொன்ன போன்களை உள்நாட்டிலேயே விற்றுவிட்டீர்கள் என்று மாநில வணிகவரித் துறை 2,400 கோடி கேட்டது. வரி கட்ட வேண்டுமென்றால் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு இரக்கமெல்லாம் கிடையாது. ஆனால் காலத்தைப் பாருங்கள். 2013 செப்டம்பரில்தான் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவிக்கிறது. வழக்கில் சொத்து முடங்கிக் கிடந்ததால் இந்த ஒரு தொழிற்சாலையை மட்டும் மாற்றிக் கொடுக்க முடியவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 3,500 கோடிக்கு உத்தரவாதம் கேட்டது, உச்ச நீதிமன்றம்வரை போயும் நிபந்தனை தளரவில்லை. 2014 ஏப்ரலில் உலகம் முழுவதும் தொழில் கைமாறியது, ஸ்ரீபெரும்புதூர் மட்டும் விடுபட்டுப் போனது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் பணம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நவம்பர் 1-ம் தேதி ஆலை நின்றது. மைக்ரோசாப்டே பின்னாளில் அந்தத் தொழிலைக் கைகழுவியது உண்மை, அதனால் எப்படியும் மூடியிருக்கலாம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் மாற்று வாங்குபவரைத் தேடக்கூட கையில் நேரம் இல்லாமல் போனதற்குக் காரணம் அந்த முடக்கம்.

மத்திய வரி விவகாரம் 2018-ல் இரு நாட்டு அரசுகளும் பேசி முடிவுக்கு வந்தது. நான்கு வருடம் முன்னால் அதே மேசையில் உட்கார்ந்திருந்தால் என்ன என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. வரித்துறை தன் வேலையைச் செய்தது, தொழில்துறை தன் வேலையைச் செய்தது, இரண்டையும் ஒரு அறையில் உட்கார வைக்கிற வேலை யாருடையதாகவும் இருக்கவில்லை. நோக்கியாவுக்கு முன்பு சார்ஜர் செய்துகொடுத்த சால்காம்ப், 2019-ல் அந்த இடத்தையே வாங்கிப் பிறகு அங்கே வேலையைத் தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் இடையில் ஐந்து வருடம்.

எதிர்ப்பக்க உதாரணமும் பக்கத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி பதிவு செய்தது 1996 மே மாதம், சரியாக தமிழ்நாட்டில் ஆட்சி மாறிய மாதம். பேச்சு ஜெயலலிதா காலத்தில், தொழிற்சாலை எழும்பியது கருணாநிதி காலத்தில், முதல் சான்ட்ரோ 1998 செப்டம்பரில். அந்த இரண்டு பேரும் ஒருவர் போட்ட திட்டத்தை இன்னொருவர் எப்படி நடத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும், இருந்தும் இந்தக் கோப்பை யாரும் தொடவில்லை. அதன் பலன் கார் மட்டும் கிடையாது. ஹூண்டாயோடு கதவுப் பட்டை, சீட், விளக்கு செய்கிற கொரிய கம்பெனிகள் வரிசையாக வந்தன, ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கொரிய எழுத்துப் பலகை வைத்த சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அதே குழுமத்தின் கியா நமக்குத்தான் வந்திருக்க வேண்டும். 2017-ல் அது ஆந்திராவின் பெனுகொண்டாவுக்குப் போனது. அந்த வருடம் சென்னையில் யார் முதல்வர், யார் கட்சி எது என்று கூவத்தூர்வரை போய்த் தேட வேண்டிய நிலைமை.

நல்லபடியாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்துகொடுக்கும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது, ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. அதற்குப் பிறகு, தொழிற்சாலைகளுக்கு நிலம் ஒதுக்கும் மாநில அரசு நிறுவனமான சிப்காட், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 706 கோடி செலவில் 18,720 பேர் தங்கும் விடுதிகளைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. முதலீட்டை இழுக்கும் முயற்சி என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கட்டடம்தான். இதற்கு யாரும் லண்டன் போகவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் சாலையில் உட்காராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

தூத்துக்குடி வின்ஃபாஸ்டும் அப்படித்தான் வேகமாக நடந்தது. மின்சாரக் கார் செய்கிற வியட்நாம் கம்பெனி, 2024 ஜனவரியில் ஒப்பந்தம், பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்டில் திறப்பு. சிப்காட் நிலம் ஏற்கனவே கையில் இருந்தது, துறைமுகம் பக்கத்தில் இருந்தது. நிலம் கையில் இல்லாத இடத்தில் கதையே வேறு. செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் தரமாட்டோம் என்று போராடிய விவசாயிகள் மேல் 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது, எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்பப் பெற்றார்கள். முதலீட்டாளர் மாநாட்டுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில் இது. வெளிநாட்டுக்காரருக்குச் சிவப்புக் கம்பளம், நெல் போடுகிறவருக்குக் குண்டாஸ் என்று ஊர்க்காரர்கள் பேசினால் அதில் என்ன தப்பு?

இன்னொரு பக்கம் நாம் பேசவே மறந்துவிடுகிற ஒன்று. வெளியிலிருந்து ஆள் கூட்டிவருவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம், நம் ஆட்களை வெளியே கொண்டுபோய் நிறுத்துவதற்கு? 2015-ல் ஜெர்மனியின் ஹானோவர் தொழில் கண்காட்சியில் இந்தியா பங்காளி நாடு, மோடியும் மெர்க்கலும் சேர்ந்து திறந்து வைத்தார்கள், 'மேக் இன் இந்தியா' சிங்கம் எங்கு பார்த்தாலும் நின்றது. அந்த மாதிரிக் கண்காட்சிகளில் இந்திய அரங்கத்தில் ஒரு சின்ன ஸ்டால் எடுக்கும் கோவைப் பக்கத்துப் பம்ப் உதிரிபாகக்காரர் ஒருவர் எனக்கு நண்பர். ஸ்டால் வாடகையிலும் விமான டிக்கெட்டிலும் ஒரு பங்கை அரசு பிறகு திருப்பிக் கொடுக்கும். போர்டிங் பாஸ் ஒட்டுத்துண்டு முதல் வங்கிச் சான்றுவரை வைத்து அனுப்ப வேண்டும், பணம் வரும்போது அடுத்த கண்காட்சிக்கு முன்பணம் கட்டும் தேதி கடந்திருக்கும். அவர் ஒருமுறை சொன்னார்: "இந்திய அரங்கம்னு மூலையில ஒதுக்கிடறாங்க, நம்ம பொருளை வாங்கற ஆளுங்க எல்லாம் பம்ப் ஹால்ல நிக்கறாங்க." தேசியக் கொடிக்குக் கீழே எல்லோரையும் ஒன்றாக நிறுத்தினால் போட்டோவுக்கு அழகு. வாங்குகிறவர் கொடியைப் பார்த்து வருவதில்லை, பொருளைப் பார்த்துத்தான் வருகிறார்.

திருப்பூருக்கும் இது பொருந்தும். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27-லிருந்து 50 சதவீத வரி போட்டபோது, வருடக்கணக்காக ஒரே சந்தையைப் பெரிதாக நம்பியிருந்த கம்பெனிகள்தான் அதிகம் திணறின. சந்தையை விரிக்கும் வேலையை நெருக்கடி வந்த பிறகு தொடங்கினால் ஆர்டர் வரவே ஒரு சீசன் ஆகும். அந்த நவம்பரில்தான் மத்திய அரசு 25,060 கோடிக்கு ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, ஆறு வருடத்துக்கு. அதில் எவ்வளவு சின்ன பனியன் கம்பெனிவரை போய்ச் சேரும் என்பது அந்தப் போர்டிங் பாஸ் மாதிரியான விதிகளில்தான் இருக்கிறது.

அடுத்த முறை பெரிய எண் ஒன்று வந்தால் நான் செய்வதைச் சொல்கிறேன், விருப்பம் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் அந்தக் கம்பெனி பெயரைத் தேடுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் வகையான ஆலை என்றால் விண்ணப்பம் அங்கே இருக்கும், ஏக்கர் கணக்கும் தண்ணீர் எங்கிருந்து என்பதும்கூட இருக்கும். எல்லா ஆலைக்கும் அது தேவைப்படாது, அப்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்கிவிட்டார்களா, சிப்காட் நிலம் ஒதுக்கிவிட்டதா என்று பார்க்கலாம். மத்திய அரசு வெளியிடும் மாநில வாரி அன்னிய முதலீட்டுக் கணக்கையும் பார்க்கலாம், ஆனால் அதை வைத்து மட்டும் சண்டை போடாதீர்கள். சிங்கப்பூர், மொரிஷியஸ் வழியாகச் சுற்றி வரும் பணமும் அதில் இருக்கிறது, பழைய கம்பெனி தன் லாபத்திலேயே கட்டிய புது ஷெட் அந்த மாநிலக் கணக்கில் வராது. ஃபோர்டு மறைமலைநகருக்குத் திரும்பி வந்து எஞ்சின் செய்வதாக 2025 அக்டோபரில் 3,250 கோடிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, உற்பத்தி 2029-ல் என்கிறார்கள். நான் இப்போது தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் கோப்பைத்தான்.