மழைக்காலத்தில் ஒரு பதிவும் விடுபடாமல் படிக்க

ஐப்பசி பிறந்துவிட்டால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வானிலைப் பதிவர்களின் தளத்தை நாளுக்குப் பத்து முறை திறந்து பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவ்வளவு சிரமம் வேண்டாம். தளத்தின் புதுப் பதிவுகளைத் தொகுத்துத் தரும் கோப்புக்கு ஃபீட் என்று பெயர். அதன் முகவரியை ஒரு ரீடரில், அதாவது ஃபீடுகளைப் படித்துக் காட்டும் செயலியில், சேர்த்துவிட்டால் புதுப் பதிவு தானாக வந்துவிடும். எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று முகநூல் மாதிரி நடுவில் யாரும் முடிவு செய்வதில்லை. 1999இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனம் கொண்டுவந்த ஆர்எஸ்எஸ் (RSS) என்ற ஃபீட் வடிவம்தான் இது. ஆட்டம் (Atom) என்று இன்னொரு வடிவமும் உண்டு. ரீடர்கள் இரண்டையும் படிக்கும்.

ஃபீட்லி, இனோரீடர், ஆண்ட்ராய்டில் ஃபீடர், கணினியில் தண்டர்பேர்ட், ரீடர் எதுவானாலும் சரி. தளத்தின் முகவரியை ஒட்டினாலே பெரும்பாலும் ஃபீடைக் கண்டுபிடித்துவிடும். இல்லையென்றால், வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளில் இயங்கும் தளத்துக்கு முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேருங்கள். கூகுளின் பிளாகர் தளத்துக்கு ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்று மூன்று ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாய்கோடு. பிரவுசரில் திறந்தால் வெறும் குறிகளாகத் தெரியும். அது பிழையில்லை, அந்த முகவரியைத்தான் ரீடரில் ஒட்ட வேண்டும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ஃபீடில் எல்லாப் பதிவுகளும் இருக்காது. வேர்ட்பிரஸ் வழக்கமாகக் கடைசி 10 பதிவுகளை மட்டும் வைக்கும். புயல் நெருங்கும் நாளில் பதிவர் 15 பதிவு போட்டு, உங்கள் ரீடர் நாளுக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது என்றால், முதல் 5 பதிவுகள் உங்களுக்கு வரவே வராது. ‘வரவில்லை’ என்ற அறிவிப்பும் இருக்காது. போனிலேயே இயங்கும் செயலி என்றால் அது எட்டிப் பார்க்கும் இடைவெளியை ஒரு மணி நேரமாக்குங்கள். பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து அந்தச் செயலியை விலக்குங்கள், இல்லாவிட்டால் போன் அதைத் தூங்கவைத்துவிடும். மழையில் கரண்ட் போய் போன் அணைந்துகிடக்கும் என்றால் ஃபீட்லி மாதிரி சர்வரில் இயங்குவதே மேல். போன் அணைந்திருந்தாலும் சர்வர் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும். ஆனால் கடலுக்குப் போகும் முடிவை ஃபீடை நம்பி எடுக்காதீர்கள். ஒரு மணி நேரத் தாமதம் அங்கே பெரிது. வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையை நேரடியாகப் பாருங்கள்.

பதிவர் எழுதிக்கொண்டே இருக்கிறார், ரீடரில் மட்டும் பழையதே நிற்கிறது என்றால் ஃபீட் கோப்பு உடைந்திருக்கலாம். தலைப்பில் ‘ராயபுரம் & தண்டையார்பேட்டை’ என்று இருந்து, தளத்தின் மென்பொருள் அந்த ‘&’ குறியை மாற்றாமல் அப்படியே விட்டால் போதும், ஃபீட் எழுதப்படும் எக்ஸ்எம்எல் (XML) என்ற வடிவத்தின் விதி மீறப்பட்டு, கோப்பு முழுவதும் செல்லாததாகிவிடும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பின் ஃபீட் சரிபார்ப்புப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் எந்த வரியில் கோளாறு என்று காட்டும். அதை அப்படியே பதிவருக்கு அனுப்புங்கள். வாசகர் பக்கத்திலிருந்து சரிசெய்ய முடியாது.

பதிவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் ‘வாசிப்பு’ பக்கத்தைத் திறந்து, ஃபீடில் சுருக்கத்துக்குப் பதில் முழு உரையைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே 10 என்று இருப்பதை 30 ஆக்குங்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறும் முன் இறக்கிவைத்துப் படிப்பவருக்கு இரண்டு வரிச் சுருக்கம் எதற்கும் உதவாது.