பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டில் நின்றபோது எனக்குப் பதினொரு அரியர். அப்புறம் ஐந்து வருஷம் கூரியர் வண்டி. இருபத்தாறு வயதில் ஐ.டி.ஐ.யா என்று கூச்சமாகத்தான் இருந்தது. விசாரித்தால், தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை.

விண்ணப்பிப்பது ஆன்லைனில், கட்டணம் 50 ரூபாய். வெல்டருக்கு எட்டாவது தேறினால் போதும். நான் கேட்டது ஃபிட்டர், இரண்டு வருஷம், அதற்குப் பத்தாவது. என் ஐந்து செமஸ்டரை யாரும் கேட்கவில்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய பத்தாம் வகுப்பு மார்க்தான் இடம் வாங்கிக் கொடுத்தது.

சிக்கல் டி.சி.யில் வந்தது. பாக்கியைக் கட்டினால்தான் ஒரிஜினல்கள் கிடைக்கும் என்றது கல்லூரி அலுவலகம். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. அதை அச்செடுத்து, ஒரு கடிதத்தோடு நேரில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்கினேன். நாலாம் நாள் அவர்களே போன் செய்தார்கள். அதுவரை வாயால் கேட்டுக்கேட்டு ஆறு மாதம் அலைந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். எழுதிக் கொடுங்கள், சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, ஷூ, சைக்கிள் எல்லாம் உண்டு. சைக்கிளை அக்கா மகன் கொண்டுபோய்விட்டான். 750-ல் குடும்பம் நடக்காது, அதனால் சாயங்காலம் கூரியர் தொடர்ந்தது.

கூடப் படித்தவர்களுக்குப் பதினாறு, பதினேழு வயது. என்னை ‘அண்ணா’ என்றார்கள். டிராயிங்கிலும் கணக்கிலும் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். பட்டறைக்குள் போனால் நிலைமை தலைகீழ். கல்லூரியில், இரண்டு இரும்புத் துண்டுகளை ‘வி’ வடிவில் ராவிப் பொருத்தும் ‘வி’ ஃபிட்டிங் செய்தேன் என்று பெயர், முடித்துக் கொடுத்தது லேப் அசிஸ்டென்ட். இங்கே ஒரு இரும்புக் கட்டி, ஒரு அரம், அவ்வளவுதான்.

ராவி முடித்து, மட்டம் பார்க்கும் ‘எல்’ வடிவ ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். இரண்டு ஓரத்திலும் ஒளி கசியும். நடு மேடு, ஓரம் சரிவு. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலி.

“இன்ஜினீயரே, அரம் ஊஞ்சல் ஆடுது. முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்து, இழுக்கும்போது விடு,” என்றார் சார். கட்டியை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் என் முழங்கைக்கு நேராக வர, காலுக்கடியில் ஒரு பலகையைப் போட்டார். அரத்தின் பல்லில் இரும்புத்தூள் அடைக்காமலிருக்க சாக்பீஸ் தேய்க்கச் சொன்னது பக்கத்து வைஸ் பையன்.

மூன்றாவது வாரம் ஒருநாள் சார் கட்டியை வாங்கி, ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒளி கசியவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. கட்டியை அடுத்த பக்கத்துக்குப் புரட்டி வைஸில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் ஐந்து பக்கம் இருந்தது.